சூரிய மின்னால் நீரிறைத்தலும் கிணற்றின் அளவறிதலும்

புதுக்குடியிருப்புப் பகுதியில் வயலுக்குக் குளத்து நீரும் மாரி மழையும் ஆதாரமாயிருப்பது போல, மரக்கறித் தோட்டத்திற்குக் கிணறே ஆதாரமாகும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை ஈறாகவுள்ள மாதங்களிற் பெய்து தீர்ந்துவிடுகின்றது. அதன்பின் நடப்படும் மிளகாயும் கத்தரியும் பயிற்றையும் வெங்காயமும் இறைப்பு நீரைக் கொண்டே பிழைக்க வேண்டும். முற்காலத்திலே துலா மிதித்து இறைத்தனர். பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. அதனால் ஆட்கூலி குறைந்ததெனினும், தோட்டத்தின் வாழ்வு எண்ணெய்ப் பீப்பாவுடன் பிணைக்கப்பட்டுவிட்டது. 2022ஆம் ஆண்டிலே இப்பிணைப்பின் விலை இன்னதென்பது யாவர்க்கும் விளங்கிற்று. அவ்வாண்டில் கமக்காரர் எண்ணெய்க்காக வரிசையில் நின்றனர். ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் ஒன்று 87 ரூபாவாயிருந்த மண்ணெண்ணெய் ஒரே முறையில் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

இதன்பின்னர் சூரிய மின்னால் நீரிறைப்பதைப் பற்றிக் கமக்காரர் மிகுதியாக விசாரிக்கலாயினர். வெயிலுக்கு விலையில்லை என்று கூறப்படுகின்றது. இக்கூற்று உண்மையே. ஆயினும் அதனுள்ளே ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. அதனை அறியாது படலையும் பொறியையும் வாங்குவோர் எண்ணெய்ச் செலவை மீதப்படுத்திக் கிணற்றை இழக்கவும் கூடும்.

அரசாங்கத்தின் கொள்கை

இலங்கையில் மின்சாரம் என்றால் நெடுங்காலம் மலைநாட்டு ஆற்றுநீரே நினைவுக்கு வரும். 1950ஆம் ஆண்டில் லக்சபானத் திட்டத்தின் முதற்கட்டம் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கியது. தேவை வளர வளர ஆறுகள் போதாமற் போயின. எண்ணெயும் நிலக்கரியும் பிறநாடுகளிலிருந்து வாங்கி எரிக்கப்பட்டன. இச்செலவைக் குறைக்கும்பொருட்டு, 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை நிறுவப்பட்டது. 2030ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கை நீர், காற்று, வெயில் போன்ற தீராத வளங்களிலிருந்து பெறுவது அரசாங்கத்தின் குறிக்கோளாகும்.

வீட்டுக் கூரைகளில் சூரியப் படல்களை அமைப்பிக்கும் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆரம்பிக்கப்பட்டது. 2020இல் 200 மெகாவாற்றும் 2025இல் 1,000 மெகாவாற்றும் அதன் இலக்குகள். பின்னைய இலக்கு குறித்த காலத்திற்கு முன்னரே தாண்டப்பட்டது. காற்றுத் துறையில் வடமாகாணமே முன்னிற்கின்றது. பளைப் பகுதியில் 10 மெகாவாற்று வலுவுடைய இரு காற்றாலைத் தொகுதிகள் 2014ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கின. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி நிலையம் 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதன் வலு 103.5 மெகாவாற்று. எல்லாத் திட்டங்களும் இவ்வாறு நிறைவேறின என்பதற்கில்லை. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக் காற்றாலைகளை அமைக்க முன்வந்த இந்தியாவின் அதானி நிறுவனம், மின்னின் விலையை அரசாங்கம் மீளாராய முற்பட்டதன்பின், 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது.

காற்றின் இயல்பு

வன்னிக் கமக்காரருக்குக் காற்றின் காலங்களைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோழகம் வீசும். மாரியில் வாடை வீசும். மன்னார்க் காற்றாலைகள் தம் மின்னின் பெரும்பங்கைச் சோழகக் காலத்திலேயே தருகின்றன. சிறுபோகத்திற்கும் தோட்டத்திற்கும் நீர் மிகவும் வேண்டப்படும் காலமும் அதுவேயாகையால், காற்று மின் கமத்தொழிலுக்குப் பொருந்தியதொன்றாகும்.

அங்ஙனமாயின் தோட்டத்திலேயே சிறு காற்றாலை ஒன்றை நாட்டினாலென்ன என்று கேட்கலாம். காற்றின் வேகம் இரு மடங்காயின் அதிலிருந்து பெறத்தக்க வலு எட்டு மடங்காகும். வேகம் பாதியாயின் வலு எட்டிலொன்றாய்விடும். பனையும் தென்னையும் சூழ்ந்த வளவில், கூரை உயரத்தில் வீசும் காற்று, திறந்த கடற்கரையில் உயர்ந்த கோபுரத்தின்மேல் வீசும் காற்றுக்கு எவ்வகையிலும் இணையாகாது. 1970களின் பிற்பகுதி தொடக்கம் நீர்வளச் சபை ஒல்லாந்து நாட்டின் உதவியுடன் நீரிறைக்கும் காற்றாலைகளைச் செய்து பரீட்சித்தது. விலை குறைந்ததும், ஒரு கிணற்றிலிருந்து மற்றொன்றுக்குத் தூக்கிச் செல்லத் தக்கதுமான எண்ணெய் இயந்திரத்துடன் அவை போட்டியிட இயலவில்லை. ஆகவே காற்று மின் கம்பிவழியே கமக்காரரிடம் வந்து சேர்வதே முறை. வெயிலோ அவ்வாறன்று; அது தோட்டத்தின் மேலேயே விழுகின்றது.

நண்பகல் மின்

வெயில் மின்னுக்கு ஒரு குறையுண்டு. அது நண்பகலிற் பெருகி, மாலையில் ஒழிந்துவிடுகின்றது. நாட்டிலே மின் மிகுதியாக வேண்டப்படுவதோ மாலை 6.30 தொடக்கம் இரவு 10.30 வரை. இதனால் விளைந்த இடர்ப்பாடு 2025ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று மின்கருவியைத் தொட்டமையால் நாடு முழுவதும் இருளடைந்தது. (குரங்கின் சேட்டையால் விளையும் நட்டம் மரக்கறிச் செய்கையாளர் அறியாததன்று.) ஆயினும் ஒரு குரங்கினால் நாடு முழுவதும் மின்னிழந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நீர் நிலையங்களிலும் நிலக்கரி நிலையத்திலும் பாரமான பொறிகள் சுழல்கின்றன. ஓடும் வண்டிச் சில்லு சிறு கல்லில் தடக்கினும் நில்லாததுபோல, அச்சுழற்சி சிறு அதிர்ச்சிகளைத் தாங்கிவிடும். சூரியப் படலிலே சுழலும் பொறி எதுவுமில்லை. தேவை குறைந்த ஞாயிறன்று வெயில் மின்னின் பங்கு கூடியிருந்தபடியால், அதிர்ச்சியைத் தாங்கும் வலிமை குறைந்திருந்தது.

அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் தொழிற்சாலைகள் மூடப்பட்டபோது, ஏப்ரல் 13 தொடக்கம் 21 வரை கூரைப் படல்களைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளரைக் கேட்டுக்கொண்டது. எண்ணெய் வாங்கப் பணமில்லாதிருந்த நாட்டில், மூன்றாண்டு கழியுமுன், விளைந்த மின்னை வேண்டாமென்று சொல்ல நேர்ந்தது.

ஆகவே பகல் மின்னைப் பகலிலேயே பயன்படுத்துவோர் நாட்டுக்கு வேண்டியவராவர். நீரிறைப்பு அத்தகைய வேலையாகும். விளக்கைப் பகலுக்கு மாற்ற இயலாது, இறைப்பை மாற்றலாம். மின்கம்பி இணைப்புள்ள கிணறுகளில் மோட்டாரை இரவில் இயக்கும் வழக்கத்தை விட்டு, காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் இயக்குதல் நன்று. தனிப் படல் கொண்ட பொறி இயல்பாகவே அந்நேரத்தில் ஓடும்.

எவ்வளவு நீர், எவ்வளவு படல்

கோடையில் ஓர் ஏக்கர் மரக்கறிப் பயிர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் ஆழமான நீரை உட்கொள்ளும். இது 24,000 லீற்றராகும். இந்நீரைக் குழாயின் உராய்வையும் சேர்த்து 10 மீற்றர் உயர்த்துவதற்கு, சாதாரண பொறியொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு அலகு மின் போதும். தெளிந்த வானமுள்ள நாளில் ஒரு கிலோவாற்றுப் படல் 4 அலகு அளவில் தருவதால், அரைக் கிலோவாற்றுப் படலே இத்தேவையை நிறைவேற்றும். வாய்க்கால்வழி நீர் பாய்ச்சுமிடத்து, மணலிலே பாதி வடிந்துபோகுமாதலின், ஒரு கிலோவாற்று வேண்டும். விற்பனையாளர் இதனிலும் பன்மடங்கு பெரிய தொகுதியைச் சிபாரிசு செய்வாராயின், காரணம் கேட்டறிதல் அவசியம். பெரிய பொறியால் கிணற்றின் ஊற்றைப் பெருக்க முடியாது.

சூரியப் பொறியின் அளவைக் கிணறே தீர்மானிக்க வேண்டும். அதனை அறியும் முறை எளிது. புரட்டாதி மாதத்தில், நீர் மிகவும் தாழ்ந்திருக்கும்போது, கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் இறக்கி நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாலையில் 2 மீற்றர் தாழும்வரை இறைத்து நிறுத்தி, மறுநாட் காலையில் எவ்வளவு ஊறியதென்று அளக்க வேண்டும். விட்டம் 3 மீற்றரான வட்டக் கிணற்றில் ஒவ்வொரு மீற்றர் ஊற்றும் 7,000 லீற்றராகும். பன்னிரண்டு மணித்தியாலத்தில் 2 மீற்றர் ஊறுமாயின், அக்கிணறு அக்காலத்தில் 14,000 லீற்றர் தந்ததாகும். நாள் முழுவதும் 28,000 லீற்றர் தரும். சிக்கனமாகப் பாய்ச்சினால் அது ஓர் ஏக்கருக்குப் போதும். இரண்டு ஏக்கருக்குப் போதாது; எத்துணைப் படல் வைத்தாலும் போதாது.

எண்ணெய் இயந்திரத்திலே ஒரு நன்மை இருந்தது. செலவை நினைத்தேனும் கமக்காரர் அதனை நிறுத்துவர். சூரியப் பொறியை நிறுத்தச் செய்யும் செலவொன்றும் இல்லை. தமிழ்நாட்டிலே 1990ஆம் ஆண்டு தொடக்கம் உழவரனைவருக்கும் இறைப்பு மின் இலவசமாக வழங்கப்பட்டது. ஏழை உழவர் பலர் அதனால் உய்ந்தனர் என்பதை மறுக்கவியலாது. ஆனால் கோயம்புத்தூர் போன்ற மேற்கு மாவட்டங்களில் கிணறுகள் வற்றி, ஆயிரம் அடிக்கும் மேலான ஆழ்துளைகளைத் தோண்டும் நிலை உண்டாயிற்று.

கோயம்புத்தூரில் நீர் வற்றியது. புதுக்குடியிருப்பின் கரையோரத்திலோ அதனிலும் கொடியது நிகழக்கூடும். ஒருபுறம் கடலும் மறுபுறம் நந்திக்கடலும் அமைந்த மணற்பாங்கான நிலத்தில், மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. ஆகவே கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் நிற்கும். மேல்மட்டம் 1 அடி நிலையாகத் தாழுமாயின், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி அளவுக்கு மேலெழும். உவர்ப்பட்ட கிணறு ஒரு மாரியில் தேறுவது அரிது. பயிற்றையும் வெங்காயமும் இவ்வுவரை முதலில் உணரும். இலைநுனியும் ஓரமும் கருகும். தக்காளி சிறிது தாங்கும். இக்குறிகளைக் கண்டவர் பசளையைக் கூட்டுதல் தவறு. நீர் மாதிரியை விவசாயப் போதனாசிரியர் மூலம் பரிசோதிப்பித்தல் வேண்டும்.

பெரிய பொறியால் ஒரு மணித்தியாலத்தில் கிணற்றை வாரி இறைப்பதிலும், சிறிய பொறியால் ஐந்தாறு மணித்தியாலம் மெல்ல இறைப்பது கிணற்றுக்கு நல்லது. மட்டம் ஆழத் தாழாதபடியால் கீழுள்ள உவர்நீர் இழுபட்டு எழாது. சூரியப் பொறியின் உண்மையான சிறப்பு இதுவேயாகும்.

தொட்டியும் படலும்

நண்பகலில் இறைத்த நீரை அப்பொழுதே பாய்ச்சினால் வெப்பத்தால் ஒரு பங்கு ஆவியாகிப்போம். நீளமும் அகலமும் 3 மீற்றராய், உயரம் ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடியதாய் அமைந்த தொட்டி 10,000 லீற்றர் கொள்ளும். பகலில் அதனை நிரப்பி, மாலையிலும் விடியற்காலையிலும் பாய்ச்சலாம். மின்னைப் பற்றரியிற் சேர்ப்பதிலும் நீரைத் தொட்டியிற் சேர்ப்பது மலிவு. பற்றரி சில ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியது.

படலைத் தென்புறம் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். ஒரு தென்னோலையின் நிழல் படலின் ஒரு மூலையில் விழுந்தாலும் மின் பெரிதுங் குறையும். சோழகம் கொண்டுவரும் புழுதியையும் காகத்தின் எச்சத்தையும் வாரத்திற்கொருமுறை, படல் சூடேறுமுன் அதிகாலையில், நன்னீரால் கழுவ வேண்டும். கடற்காற்று படும் இடங்களில் தாங்கிகளும் ஆணிகளும் துருப்பிடியாத உலோகத்தாலானவையா என்று பார்த்து வாங்குதல் நன்று.

வயற் காணி

நெற்செய்கைக்குக் கிணற்றையும் சூரியப் பொறியையும் நம்புதல் தகாது. ஒரு போகத்திற்கு ஓர் ஏக்கர் வயல் வேண்டும் நீர் அறுபது இலட்சம் லீற்றரளவில் வரும். அதனைக் குளமே தரமுடியும். நெற்செய்கையாளருக்குச் சூரிய மின் வேறொரு வழியில் எதிர்ப்படலாம். ஒரு மெகாவாற்றுப் படல் அமைப்பதற்கு நான்கு ஐந்து ஏக்கர் நிலம் வேண்டுமாகையால், காணியைக் குத்தகைக்குக் கேட்டு முதலீட்டாளர் வருவர். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வயற் காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்தலாகாது. குடியேற்றத் திட்டக் காணிகள் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. அவற்றின் நிபந்தனைகள் வேறு. கையொப்பமிடுமுன் பத்திரத்தைக் கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் காட்டி, குத்தகைக் காலம் முடிந்தபின் படல்களையும் கொங்கிறீற்றுத் தூண்களையும் அகற்றுவது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.