ஜிலேபி கெண்டையும் ஆண்குஞ்சுக் கணக்கும்

ராஜா வாய்க்கால் தண்ணியைப் பண்ணைக்குட்டைக்குத் திருப்பினா, யாரும் விடாமலேயே ஜிலேபி கெண்டை வந்து சேரும். இது ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. 1959-லேயே, இதைப் பரப்பக் கூடாதுன்னு மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை போட்டது. அதுக்குள்ள மீன் கைமீறிப் போச்சு.

வங்கியில் வட்டிக் கணக்கு பார்த்த எனக்கே இதோட பெருக்கம் மலைப்பு. இரண்டு மூன்று மாதத்தில் சினைக்கு வரும். தாய் முட்டையை வாயிலேயே அடைகாக்கும். ஆபத்துன்னா குஞ்சும் வாய்க்குள்ள ஓடிடும். கூட்டம் பெருகி, தீனி பத்தாம எல்லாம் விரல் நீளத்திலேயே நின்றுவிடும். கட்லா, ரோகுவுக்கும் தீனி மிஞ்சாது.

ஆகவே, பெண்ணைக் குறைப்பதுதான் வழி. 'முழு ஆண் குஞ்சு' என்று விற்பவை பெரும்பாலும் முதல் மூன்று, நாலு வாரம் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் கலந்த தீனி தின்றவை. இயற்கை விவசாயத்தில் அதற்கு இடமில்லை.

இன்னொரு வழி கொஞ்சம் சுற்று. இந்த மீனில் பெண்ணுக்கு எக்ஸ்எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்ஒய் குரோமோசோம். ஆண்குஞ்சுக்குப் பெண் ஹார்மோன் கொடுத்தால் அது முட்டையிடும் மீனாகும். அதைச் சாதாரண ஆணோடு சேர்த்தால் நாலில் ஒரு பங்கு ஒய்ஒய் ஆண். அந்த ஒய்ஒய் ஆணுக்குப் பிறப்பதெல்லாம் ஆண்தான். வருசாவருசம் ஏரியில் விட்டு, பழைய மீனையும் வலைபோட்டு எடுத்துவந்தால் பெண் இனம் அருகும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் புரூக் டிரவுட் மீனுக்கு இதைச் செய்துபார்க்கிறார்கள். பி.டி. பருத்தி மாதிரி வேற்று மரபணு எதுவும் நுழைப்பதில்லை. விடுவதை நிறுத்தினால் ஒய்ஒய்யும் தானே மறைந்துவிடும். இதெல்லாம் சின்ன ஏரி, ஓடைக்குச் சரி. 93.47 டிஎம்சி கொள்ளும் மேட்டூருக்கு எத்தனை மீன் விடுவது?

நம்ம குட்டைக்கு நம்ம கையே போதும். 30 கிராம் தாண்டிய மீனை மல்லாத்தி, வாலுக்கு முன்னால் அடிவயிற்றைப் பாருங்க. ஆணுக்கு இரண்டு துவாரம், பெண்ணுக்கு மூன்று. கொஞ்சம் மஞ்சள் தடவினா தெளிவாத் தெரியும். பெண்ணைக் குழம்புக்கு எடுத்துக்கலாம். சிலது தப்பும், அதுங்க குஞ்சுகளை விரால் பார்த்துக்கும். ஆனா விராலை விடும்போது கட்லா, ரோகு அதைவிடப் பெரிசா இருக்கணும், இல்லேன்னா அதையும் தின்னுடும். மடையில் கொசுவலை கட்டுங்க, வாரம் ஒருமுறை கழுவுங்க. வடியும் வாய்க்காலுக்கும் வலை வேணும், கீழே இருக்கறது காவிரி.