எழுத்தறிந்தவரும் படித்தவரும்

அன்புள்ள பேத்திக்கு,

ஆங்கிலத்தில் லிட்டரேட், எஜுகேட்டட் என்னும் இரண்டு அடைமொழிகளை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக எழுதிவிடுகிறார்கள். முதலாவது ஒரு திறனைச் சொல்வது. அடுத்தது பல ஆண்டுப் படிப்பால் வந்த தேர்ச்சியைச் சொல்வது. ஏழு வயது நிரம்பியவர், ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் அறிந்தால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் லிட்டரேட். பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. படிக்க மட்டும் தெரிந்து, எழுத வராதவர் இதில் சேரமாட்டார். 2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்த சுமார் 77 சதவீத எழுத்தறிவு விகிதம் இந்தப் பொருளில்தான். அதை எஜுகேட்டட் என்று எழுதினால் தகவலே மாறிவிடும்.

இந்த வேறுபாட்டைப் புதுக்கோட்டையைப் போலத் தெளிவாகக் காட்டும் ஊர்கள் குறைவு. 1991இல், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவு புகட்டும் அறிவொளி இயக்கம் இங்கே பரவியது. கல்குவாரிப் பெண்களும் வயற்காட்டுக் கூலிப் பெண்களும் வேலை முடிந்து வந்து தொண்டர்களிடம் எழுத்துப் பழகினார்கள். கூடவே சைக்கிள் ஓட்டவும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பேருந்தில் எழுதிய ஊர்ப்பெயரை யாரையும் கேட்காமல் படித்தார்கள். அவர்கள் லிட்டரேட் ஆனார்கள். எஜுகேட்டட் என்பதற்குரிய நெடும்படிப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை. அதனால் அந்தச் சாதனை துளியும் குறையாது. மறுபுறம், 1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி மகாராஜா கல்லூரியில் பயின்று, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவரை லிட்டரேட் என்றால் பொய்யில்லை, ஆனால் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி விட்டுப்போகும்.

எதிர்மறை வடிவங்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். மழை பார்த்து விதைக்கவும், கண்மாய் மடை திறந்து முறைவைத்து நீர் பாய்ச்சவும் அறிந்த முதியவருக்கு எழுத்துத் தெரியாதிருக்கலாம். அவரை அன்எஜுகேட்டட் என்று எழுதுவது அநியாயம். அந்தச் சொல்லில் இளக்காரம் ஒட்டியிருக்கிறது. இல்லிட்டரேட் என்பதும் வசையாகப் புழங்குவதால், நான்-லிட்டரேட் என்று எழுதுவதே மரியாதை. அறிவொளி வகுப்புகளில் எழுத்துக் கற்றவர்களைப் போன்றோருக்கு நியோ-லிட்டரேட் என்ற சொல் உண்டு.

லிட்டரேட்டுக்கு முன் ஒரு துறையின் பெயர் வந்தாலும் அடிப்படைத் திறன் என்ற பொருளே நிற்கும். கம்ப்யூட்டர் லிட்டரேட் என்றால் கணினியைக் கையாளத் தெரிந்தவர். கணினிப் பட்டதாரி என்று அதற்குப் பொருளில்லை.

அன்புடன்,
தாத்தா
புதுக்கோட்டை