குடி கேட்பார்கள், சொல்

அன்பின் மகளுக்கு,

மட்டக்களப்புப் படுவான்கரையில் டிஎன்ஏ ஆய்வுக்கு எச்சில் மாதிரி எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனால் முதல் கேள்வி உனக்குத்தான்: "மகள் எந்தக் குடி?" கூச்சப்படாமல் சொல். குடி என்றால் குலம்; தாயின் குடிதான் பிள்ளைக்கு. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவியும் திருவிழா முறையும் அதைப் பார்த்தே வருகின்றன. காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் இதே தாய்வழிக் குடி உண்டு.

நீ தேடும் மைட்டோகொண்ட்ரிய டிஎன்ஏயும் தாய்வழியாகத்தான் இறங்குகிறது. இந்தப் பொருத்தத்தில் மயங்கிவிடாதே. பத்துத் தலைமுறைக்கு முன்னே கணக்குப்படி உனக்கு 1,024 முன்னோர். உன் சோதனை காட்டுவது அவர்களில் ஒருத்தியை. குடி காட்டுவதும் அவளைத்தான். ஆரையம்பதியிலோ காத்தான்குடியிலோ "தமிழரா முஸ்லிமா, யார் முந்தி வந்தது" என்று உன் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வர ஆள் இருக்கும். அந்த 1,024ஐ முதல் பக்கத்திலேயே எழுதிவிடு.

கல்யாண விசயம் இன்னும் சிக்கல். உன் அண்ணனுக்குச் சின்னம்மாவின் மகள் ஒரே குடி, தங்கச்சி முறை, கட்டக் கூடாது. மாமாவின் மகள் வேறு குடி, மச்சாள், தாராளமாகக் கட்டலாம். மரபணுவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு பேரோடும் அவனுக்கு 8இல் 1 பங்கு பொது. இதைச் சொல்லும்போது மச்சாளைக் கட்டியவரைக் குற்றவாளி ஆக்கிவிடாதே. பொதுவாக 100 பிள்ளைகளில் 2, 3 பேர் பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். மச்சான் மச்சாள் கல்யாணத்தில் அதற்கு மேலே இன்னும் 2, 3 கூடும், அவ்வளவுதான். குடும்பத்தில் ஏற்கெனவே தலசீமியா மாதிரி நோய் இருந்தால் கதை வேறு. தாயும் தகப்பனும் நோய்க்காவிகள் என்றால் பிள்ளைக்கு நோய் வர 4இல் 1 வாய்ப்பு. "அப்ப நாலாவது பிள்ளைக்குத்தானே?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஒவ்வொரு வயிற்றுப் பிள்ளைக்கும் அதே 4இல் 1 என்று பொறுமையாகச் சொல்.

டிஎன்ஏ சோதனை ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்ததும் நம் பக்கத்தில்தான். 2004 சுனாமி அன்று கல்முனை ஆஸ்பத்திரியில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தை நினைவிருக்கிறதா? 9 தாய்மார் உரிமை கேட்டதாக உலகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. நீதிமன்றப் படி ஏறியதோ ஒரே தம்பதி. ஆவணங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. 2005 பெப்ரவரியில் டிஎன்ஏ முடிவு வந்து பிள்ளை அவர்கள் கைக்குப் போனது. அங்கே கேள்வி சின்னது: இது இவர்கள் பிள்ளையா? பதிலும் நேராக வந்தது. "இந்த மண் யாருடையது" என்ற கேள்வியை எச்சில் குப்பியிடம் கேட்பவர்களுக்கு நீ துணை போகாதே.

வாகரையில் கரையோர வேடர் வீடுகளுக்குப் போனால், சம்மதப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடிவிடாமல், உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டு. முடிவு வந்ததும் முதலில் அந்த வீடுகளுக்குப் போய்ச் சொல், உன் பேராசிரியர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும். சஞ்சிகைக்குப் பிறகு அனுப்பலாம்.