கிளட்ச் பெடலுக்குள் ஒரு காற்றுக் குமிழி

மாணவர்களே, காய்கறி, உரமூட்டை, கட்டுமானச் சாமான் என்று எதையும் சுமக்கும் பழைய பிக்கப் வண்டி ஒன்று உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கலாம். ஒருநாள் காலையில் அதன் கிளட்ச் பெடலை மிதித்தால், எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரைவரை இறங்கிவிடுகிறது. கியரைப் போட முயன்றால் பற்சக்கரங்கள் உரசும் சத்தம் கேட்கிறது. வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் பழுது என்று தெரிந்து, புதியது வாங்கி மாட்டுகிறார்கள். அப்போதும் பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது. புதிய பாகம் பழுதா? அதைக் கழற்றி இன்னொன்று வாங்குவதற்கு முன், ஒரு சிறிய இயற்பியல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

காலிலிருந்து கிளட்ச் வரை

கிளட்ச் என்பது இயந்திரத்தையும் கியர் பெட்டியையும் இணைக்கும், தேவைப்படும்போது பிரிக்கும் கருவி. பெடலை மிதித்தால் அதோடு இணைந்த தண்டு, மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் திரவத்தை அழுத்துகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே கியர் பெட்டியின் அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குச் செல்கிறது. அங்கே இன்னொரு பிஸ்டன் நகர்ந்து கிளட்சைப் பிரிக்கிறது.

மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும். இதுவே பாஸ்கல் விதி. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் பெயரால் இது வழங்குகிறது.

இப்போது எண்களைப் போடுவோம். உங்கள் கால் 100 நியூட்டன் விசை கொடுக்கிறது. பெடல் ஒரு நெம்புகோல். அது விசையை 5 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்டு 500 நியூட்டனுடன் தள்ளும். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 16 மில்லிமீட்டர் என்றால், பிஸ்டனின் பரப்பு சுமார் 2 சதுர சென்டிமீட்டர். திரவத்தின் அழுத்தம் ஏறக்குறைய 25 இலட்சம் பாஸ்கல். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 25 மடங்கு!

ஸ்லேவ் சிலிண்டரின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால், பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். அங்கே கிடைக்கும் விசை சுமார் 780 நியூட்டன். விசை கூடியது, ஆனால் இலவசமாக அல்ல. மாஸ்டர் பிஸ்டன் 25 மில்லிமீட்டர் நகர்ந்தால், ஸ்லேவ் பிஸ்டன் 16 மில்லிமீட்டர்தான் நகரும். விசையையும் தூரத்தையும் பெருக்கிப் பாருங்கள். இரு பக்கமும் ஏறக்குறைய 12.5 ஜூல் வரும். ஆற்றல் கூடவில்லை, குறையவுமில்லை.

எது பழுதாகிறது?

பிஸ்டனின் முனையில் கிண்ணம் போன்ற ரப்பர் ஒன்று இருக்கிறது. திரவம் பின்னால் கசியாமல் தடுப்பது அதன் வேலை. ஆண்டுகள் பல ஆனதும் அது தேய்கிறது. அப்போது பெடலை மிதித்துப் பிடித்திருந்தால், கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. திரவம் ரப்பரைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது. பின்பக்க ரப்பரும் தேய்ந்திருந்தால், வண்டிக்குள் பெடலின் மேற்பகுதியில் ஈரம் தெரியும். மாஸ்டர் சிலிண்டரைக் குறைசொல்லும் முன், ஸ்லேவ் சிலிண்டரிலும் குழாயிலும் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மாற்றும் முறை

இது பட்டறை அனுபவம் உள்ள பெரியவர் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் உடனிருந்து கவனிக்கலாம், உதவலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

முதலில் கலனில் உள்ள பழைய திரவத்தை உறிஞ்சி எடுப்பார்கள். பெடலையும் தண்டையும் இணைக்கும் ஊசியைக் கழற்றுவார்கள். குழாயின் நட்டைக் குழாய் நட்டுக்கான ஸ்பேனரால் தளர்த்துவார்கள்; சாதாரண ஸ்பேனர் அதன் முனைகளை மழுக்கிவிடும். பிறகு சிலிண்டரை இறுக்கிப் பிடிக்கும் நட்டுகளைக் கழற்றினால் அது வெளியே வந்துவிடும்.

புதியதை மாட்டும்போது குழாயின் நட்டை முதலில் விரலால் சில சுற்று சுற்ற வேண்டும். மரை சரியாகப் பொருந்தியது தெரிந்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும்.

அடுத்து, தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறு இடைவெளி இருக்க வேண்டும். அதன் அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். பெடல் ஓய்வில் இருக்கும்போது கலனிலிருந்து சிலிண்டருக்குள் வரும் நுண்துளை திறந்திருக்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் துளையை மறைத்துவிடும். வெப்பத்தால் விரியும் திரவம் போக வழியின்றி, நாம் மிதிக்காமலே கிளட்சைத் தள்ளும். கிளட்ச் வழுக்கித் தேயும்.

குமிழியின் கணக்கு

இத்தனையும் சரியாகச் செய்தும் பெடல் ஏன் பஞ்சுபோல் இருக்கிறது? குழாயைத் திறந்தபோது காற்று உள்ளே நுழைந்துவிட்டது.

நம் எடுத்துக்காட்டில், முழு மிதிப்பில் மாஸ்டர் பிஸ்டன் தள்ளும் திரவம் சுமார் 5 கன சென்டிமீட்டர். குழாயில் 2 கன சென்டிமீட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திரவம் கிட்டத்தட்ட அமுங்காது. காற்றோ எளிதில் அமுங்கும். அழுத்தம் 26 மடங்கானால் பாயில் விதிப்படி அதன் கன அளவு 26இல் ஒரு பங்காகச் சுருங்கும். அதாவது, தள்ளிய 5இல் ஏறக்குறைய 1.9 கன சென்டிமீட்டர் குமிழியைச் சுருக்குவதற்கே செலவாகிவிடும். ஸ்லேவ் பிஸ்டன் 16 மில்லிமீட்டருக்குப் பதில் சுமார் 10 மில்லிமீட்டர்தான் நகரும். கிளட்ச் முழுதாகப் பிரியாது; கியர் உரசும். புதிய சிலிண்டர் மீது எந்தக் குற்றமும் இல்லை.

எனவே காற்றை வெளியேற்ற வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரில் அதற்கென ஒரு சிறு திருகு இருக்கிறது. காற்று மேலே எழும் என்பதால் அது மேற்புறத்தில் அமைந்திருக்கும். அதில் தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையைத் திரவம் உள்ள புட்டியில் மூழ்க வைக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் திருகைத் திறந்து, குமிழிகள் வெளியேறியதும் மூட வேண்டும். மூடிய பிறகே பெடலை விட வேண்டும். இல்லாவிட்டால் காற்று திரும்பிப் போகும். கலன் காலியாகாமல் புதுத் திரவம் ஊற்றிக்கொண்டே, குமிழிகள் நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும்.

பிரேக்கிலும் இதே குமிழி

இந்தத் திரவத்தைப் பலர் பிரேக் எண்ணெய் என்பார்கள். ஆனால் இது இயந்திர எண்ணெய் அல்ல. இயந்திர எண்ணெயை ஊற்றினால் ரப்பர் உப்பிக் கெடும். கையேடு சொல்லும் ரகத்தையே ஊற்ற வேண்டும். வண்டியின் பெயின்ட் மீது பட்டால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும்.

இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஏறக்குறைய 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 டிகிரியாக இறங்கும். கேமரன் மலையிலிருந்து சுமையோடு இறங்கும் வண்டியின் பிரேக் சூடாகி, ஈரம் சேர்ந்த திரவம் கொதித்தால் என்ன ஆகும்? குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். கிளட்சில் குமிழி இருந்தால் கியர் உரசும். பிரேக்கில் இருந்தால் வண்டி நிற்காது. திரவத்தை உரிய காலத்தில் மாற்றச் சொல்வது இதனால்தான்.

நீங்களே செய்து பாருங்கள்: 16 மில்லிமீட்டர் மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் தவறுதலாக 20 மில்லிமீட்டர் விட்டமுள்ளதை மாட்டிவிட்டார்கள். ஸ்லேவ் பிஸ்டனில் அதே 780 நியூட்டன் கிடைக்க, உங்கள் கால் எவ்வளவு விசை கொடுக்க வேண்டும்? விடையைக் கண்டுபிடித்தால், கடைக்குப் பழைய பாகத்தையும் கையோடு எடுத்துச் செல்வது ஏன் என்று புரிந்துவிடும்.