வென்றது நீ, வாழ்ந்தது அவன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் பாத்திரத்துக்கு நீ எழுதிய பின்கதையைப் படித்தேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஆர்ஜென்ட் டான் சர்வருக்குப் போய் ரோல்பிளே தொடங்கப்போகிறேன், அதற்குமுன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் அக்கா என்று கேட்டிருந்தாய். அக்கறையோடு எழுதியிருக்கிறாய். அதனால்தான் "நன்றாக இருக்கிறது" என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை.

உன் வீரன் வெஸ்ட்ஃபாலில் பிறந்தவன். அவன் அப்பா ஸ்டார்ம்விண்ட் நகரைத் திரும்பக் கட்டிய கல்தச்சர்களில் ஒருவர். இது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அடுத்த வரியிலிருந்து பட்டியல்: ரக்னராஸை வீழ்த்தியவன், லிச் கிங்கைக் கொன்றவன், டெத்விங்கை ஒழித்தவன், ஆஷ்பிரிங்கர் வாளை ஏந்தியவன், சில்வர் ஹேண்ட் படைக்குத் தலைவன். இதில் எதுவும் பொய்யில்லை. பழைய ரெய்டுகளுக்குத் தனியாகவும் புதியவற்றுக்குக் கில்டோடும் போய் எல்லாவற்றையும் முடித்திருக்கிறாய். ஆனால் முடித்தது நீ. உன் வீரன் முடித்தானா என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

இந்தக் குழப்பம் உன்னிடம் மட்டும் இருப்பதல்ல. இணைய ஆட்டங்கள் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய 'மட்' ஆட்டத்தில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. அங்கேயும் புள்ளி சேர்த்து மந்திரவாதி நிலையை எட்டுவதுதான் இலக்கு. 1996-ல் பார்ட்டில் ஒரு கட்டுரையில் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர்கள், உலகைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள், மனிதர்களோடு பழக வருபவர்கள், மற்றவர்களை அடித்துப் பார்க்க வருபவர்கள். இந்த நான்கு பேரும் ஒருவருக்குள்ளேயே இருக்கலாம். ரெய்டு போகும்போது உனக்குள் இருக்கும் சாதனையாளன் விளையாடுகிறான். ரோல்பிளேக்கு உட்காரும்போது பழக வந்தவன் விளையாடுகிறான். முன்னவன் சேர்த்ததை எல்லாம் பின்னவன் தலையில் ஏற்றி அனுப்பினால் அவனால் யாரோடும் பழக முடியாது.

லிச் கிங்கையே எடுத்துக்கொள். ஐஸ்கிரவுன் கோட்டை 2009 டிசம்பரில் திறந்தது. பத்துப் பேரோ இருபத்தைந்து பேரோ சேர்ந்து போக வேண்டிய ரெய்டு. உச்சியில் லிச் கிங்கான ஆர்தஸ் காத்திருக்கிறான். அவன் உயிர் பத்து சதவீதத்துக்கு இறங்கியதும் என்ன நடக்கிறது? ஒரே வீச்சில் அத்தனை பேரையும் கொன்றுவிடுகிறான். அது தோல்வி அல்ல, கதையே அப்படித்தான். பனிக்கட்டிக்குள் சிறைப்பட்டிருந்த டிரியன் ஃபோர்ட்ரிங் அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஆஷ்பிரிங்கரால் ஆர்தஸின் வாளான ஃப்ராஸ்ட்மோர்னை நொறுக்குகிறார். ஆர்தஸின் தந்தை டெரினாஸின் ஆவி விழுந்தவர்களை எழுப்புகிறது. அதற்குப் பிறகுதான் ரெய்டு வேலையை முடிக்கிறது. போர்வீரர் போல்வார் லிச் கிங்கின் கிரீடத்தைத் தானே ஏற்றுக்கொண்டு அரியணையில் அமர்கிறார். ஆட்டத்தின் சொந்தக் கதையிலேயே அந்த இரவின் நாயகர்கள் டிரியனும் போல்வாரும்தான். வென்றவர்களுக்குக் 'கிங்ஸ்லேயர்' பட்டம் கிடைக்கிறது. ஆனால் வாரம் திரும்பினால் ரெய்டு மீட்டமைந்து, ஆர்தஸ் மறுபடி அரியணையில் இருப்பான். இன்று உயர் லெவல் எட்டிய ஒருவர் 'இன்வின்சிபிள்' குதிரை கிடைக்காதா என்று வாராவாரம் தனியாகவே போய் அவனை வீழ்த்திவிட்டு வரலாம். குதிரைக்காக அது சரியான வழி. ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாற்றில் அதை எப்படி எழுதுவாய்?

2016 ஆகஸ்டில் 'லீஜன்' விரிவாக்கம் வந்தபோது சிக்கல் இன்னும் பெரிதானது. ரெட்ரிபியூஷன் பாலடின் எல்லோருக்கும் ஆஷ்பிரிங்கர், என்ஹான்ஸ்மென்ட் ஷாமன் எல்லோருக்கும் டூம்ஹேமர் சுத்தியல். பாலடின் ஒவ்வொருவரையும் ஆட்டம் படைத்தலைவர் என்றே அழைத்தது. தனியாகக் கதையைத் தொடரும் ஆட்டக்காரருக்கு அது நல்ல பரிசுதான். தன்னை மையமாக வைத்து உலகம் நகர்வது இனிமையான அனுபவம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபைனல் ஃபேண்டசி 14-லும் ஒவ்வொரு ஆட்டக்காரரும்தான் 'ஒளியின் வீரர்'. ஆனால் உலகத்தில் ஆஷ்பிரிங்கர் ஒன்றே ஒன்று. ரோல்பிளே சர்வரில் ஒரே தெருவில் பத்துப் பேர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவரும் "இது என்னுடையது" என்று சொன்னால், அந்த வாளுக்கு இருந்த மதிப்பு பத்துப் பேரிடமிருந்தும் போய்விடும். 2007-ல் வந்த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன் இதை வேறு விதமாகக் கையாண்டது. மோதிரத்தோடு புறப்பட்ட ஒன்பது பேர் ஒன்பது பேராகவே இருக்கிறார்கள். நாம் பக்கத்துப் பாதையில் போய், அவர்கள் வேலை நடப்பதற்கு வேண்டியதைச் செய்கிறோம்.

"என் லெவலும் பொய்யா அக்கா?" என்று கேட்பாய். 2020 அக்டோபரில், ஷேடோலேண்ட்ஸ் விரிவாக்கத்துக்கு முன்னால் வந்த பதிப்பில், 120-ஆம் லெவலில் இருந்த எல்லோரும் 50-ஆம் லெவலுக்கு மாற்றப்பட்டார்கள். கணக்கை எளிதாக்கச் செய்த ஏற்பாடு. அன்றைக்கு எந்த வீரனும் கை தளர்ந்துபோனதாக யாரும் நடிக்கவில்லை, நடிக்கத் தேவையும் இல்லை. லெவல், கியர், தங்கம், செத்த இடத்துக்கு ஆவியாக ஓடிப்போய் எழுந்து வருவது எல்லாம் ஆட்டம் ஓடுவதற்கான ஏற்பாடுகள். ரோல்பிளேயில் மரணத்தை இப்படி எழுந்து வரும் காரியமாக வைத்தால், போரில் கணவனை இழந்தவள் என்று ஒருவர் ஒரு பாத்திரம் எழுதவே முடியாது.

இப்போது கில்டட் ரோஸ் சத்திரத்துக்கு வா. ஸ்டார்ம்விண்டின் வணிகப் பகுதியில் இருக்கிறது. ஒரு மேசையில் மூன்று பேர்: மூலிகை விற்பவர், பணி முடித்து வந்த நகரக் காவலர், லிச் கிங்குக்கு எதிரான நார்த்ரெண்ட் போரில் தம்பியைப் பறிகொடுத்த பெண். உன் வீரன் உள்ளே வருகிறான். பாத்திர விவரம் காட்டும் டோட்டல் ஆர்பி 3 ஆட்-ஆனில் அவன் விவரத்தைத் திறந்து பார்த்தால், லிச் கிங்கைக் கொன்றவன் என்று இருக்கிறது. அந்தப் பெண்ணாக நடிப்பவர் என்ன சொல்வார்? காலில் விழலாம், அல்லது நம்ப மறுக்கலாம். மூன்றாவது வழி இல்லை. காவலர் உன்னை எதற்காகவும் தடுக்க முடியாது. மூலிகைக்காரர் உனக்கு எதையும் விற்க முடியாது, உனக்குத்தான் ஒரு காயமும் இல்லையே. ரோல்பிளேயில் மற்றவர்கள் உன்னிடம் பேசுவதற்கு ஏதாவது பிடி கொடுக்க வேண்டும். உன் பட்டியலில் கை வைக்க ஒரு இடம்கூட இல்லை.

அந்தப் பிடியை நீயே எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறாய். உன் முதல் வரிதான் அது. முதல் போரில் ஓர்க்குகள் ஸ்டார்ம்விண்டை இடித்தார்கள். கல்தச்சர்கள் அதைத் திரும்பக் கட்டினார்கள். பிரபுக்கள் கூலி தர மறுத்தார்கள். கலவரம் வெடித்தது, அரசி டிஃபின் உயிரிழந்தாள். கல்தச்சர்களின் தலைவன் எட்வின் வான்கிளீஃப் தன் ஆட்களோடு வெளியேறி டிஃபையாஸ் கூட்டத்தைத் தொடங்கினான். உன் வீரனின் அப்பா எந்தப் பக்கம் நின்றார்? கூலி இல்லாமல் ஊர் திரும்பினாரா, டிஃபையாஸின் சிவப்பு முகமூடியைக் கட்டிக்கொண்டாரா? அப்பாவை ஏமாற்றிய நகரத்துக்காக மகன் ஏன் வாள் எடுத்தான்? இந்தக் கேள்விகளுக்கு முன்னால் டெத்விங் எனக்குச் சிறியதாகத் தெரிகிறான்.

அதே சத்திரத்துக்குள் அவனை இப்படி அனுப்பிப் பார்: "வாசலில் ஒரு கணம் நிற்கிறான். நிலைக்குப் பக்கத்துக் கல்லில் உளி பட்ட தடத்தை விரலால் தடவிவிட்டு, இருப்பதில் மலிவான பானத்தைக் கேட்கிறான்." இரண்டே வரி எமோட். காவலர் கவனிப்பார். "என்ன பார்க்கிறாய்?" என்பார். "எங்கப்பா கைவேலை மாதிரி இருக்கு" என்று உன் வீரன் சொன்னால் போதும். கல்தச்சன் மகன் என்றதும் காவலருக்குச் சந்தேகம் வரும், மூலிகைக்காரருக்குப் பழைய கலவரம் நினைவுக்கு வரும். அன்றைய இரவு முழுவதற்கும் கதை கிடைத்துவிட்டது. அதில் பாதியை மற்றவர்கள் எழுதுவார்கள்.

அப்படியானால் ரெய்டில் பட்ட பாடெல்லாம் வீணா என்று நினைக்காதே. அவற்றை அளவு மாற்றிக் கொண்டுவரலாம். நம் ஊரில் தேரோட்டம் முடிந்து வீடு திரும்பும் எவரும் "நான் வடம் பிடித்தேன்" என்றுதான் சொல்வார். அதில் பெருமை உண்டு, பக்கத்தில் பிடித்தவருக்கும் இடம் உண்டு. உன் வீரனும் நார்த்ரெண்டுக்குப் போயிருக்கட்டும். ஆர்ஜென்ட் டோர்னமென்ட் நடந்த ஐஸ்கிரவுன் மைதானத்தில் குதிரைகளுக்கு லாடம் கட்டியிருக்கட்டும். லிச் கிங் வீழ்ந்த செய்தி கோட்டையிலிருந்து வந்த அன்று கூடாரத்தில் என்ன நடந்தது, யார் அழுதார்கள், யார் நம்பவில்லை என்பது அவனுக்குத் தெரியும். தம்பியை இழந்த பெண் அவனிடம்தான் வந்து உட்காருவாள். "அங்கே இருந்தீர்களா? என் தம்பியைப் பார்த்தீர்களா?" என்று கேட்பாள்.

அனுபவத்தின் உணர்வையும் எடுத்துக்கொள். ஒரே பாஸிடம் திரும்பத் திரும்பத் தோற்று, எல்லோரும் களைத்த பிறகு ஒருவர் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கேட்பாரே, அந்தக் களைப்பும் பிடிவாதமும் நீ நிஜமாகப் பட்டவை. உன் வீரன் காவல் காத்த ஒரு பாலத்துக்கோ, பஞ்சத்தில் காப்பாற்றிய ஒரு வயலுக்கோ அவற்றைக் கொடு. பாஸின் பெயர் மட்டும் வேண்டாம்.

வெற்றிகளுக்கென்று ஆட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2008 அக்டோபரில் அச்சீவ்மென்ட் பட்டியல் வந்தது, அதில் தேதியோடு எல்லாம் பதிவாகி இருக்கும். கில்டு நண்பர்களோடு அதைப் பேசு, கொண்டாடு. ஆனால் சத்திரத்துக்குள் நுழையும்போது பட்டத்தைக் கழற்றிவிடு. உடையையும் பார். 2011 நவம்பரில் வந்த டிரான்ஸ்மாக் வசதியால், ரெய்டு கவசத்தின் பலம் அப்படியே இருக்க, தோற்றத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கல்தச்சன் மகனுக்குத் தீ கக்கும் தோள்கவசம் எதற்கு? தேய்ந்த கவசத்தைத் தேடி எடு. டோட்டல் ஆர்பியின் 'முதல் பார்வை' பகுதியில் கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் எழுது: உளி பிடித்துக் காய்த்த கை, இடது காதோரம் தழும்பு. தழும்பு எப்படி வந்தது என்பதை எழுதாதே. யாராவது கேட்கட்டும்.

பெரிய காரியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரோல்பிளேயில் நடந்தது எதுவோ அது உன் வீரனின் வரலாறு. கில்டு சேர்ந்து ஒரு கிராமத்தைக் காக்கும் கதையை வாரக்கணக்கில் ஆடி, அதில் அவன் ஒரு கையை இழந்தால், அது பத்து பாஸைக் கொன்றதைவிடக் கனமானது. அதைப் பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள், அடுத்த முறை அவன் கதவைத் திறக்கத் தடுமாறும்போது யாரோ ஒருவர் எழுந்து வந்து திறப்பார். சில கில்டுகள் தங்கள் ரெய்டு வெற்றிகளையும் கதைக்குள் சேர்த்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கும். அங்கே போனால் அவர்கள் வழக்கப்படி நட. முதலில் கேட்டுக்கொள், அது போதும்.

லிச் கிங்கைக் கொன்றதாகச் சொல்லும் ஒருவரை நீயும் சந்திப்பாய். கேலி செய்யாதே, எல்லோர் முன்னாலும் திருத்தாதே. "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று உன் வீரனைக் கேட்கச் சொல். பெரும்பாலானவர்கள் அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பவர்கள்தான்.

இனி வேலை. பட்டியலை அழித்துவிடு. கல்தச்சர் வரியை வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு பத்தி எழுது. அப்பா, கூலி, ஊர், வாள் எடுத்த காரணம், அவ்வளவுதான். அவனுக்கு ஒரு பயமும் ஒரு கடனும் இருக்கட்டும். மிச்சத்தை வெற்றிடமாகவே விடு, கூட ஆடுபவர்கள் நிரப்பட்டும். அவன் பெரியவனாக வேண்டும் என்று நீ ஆசைப்படுவது எனக்குத் தெரியும். ஆவான். ஆனால் அதை மற்றவர்கள் வாயால் சொல்ல வைப்பதுதான் இந்தக் கலை. அதற்கு அவன் அவர்கள் கண்முன்னே வாழ வேண்டும்.

எழுதியதும் அனுப்பு, படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா