பக்கத் தலைப்பில் எதை வைப்பது, எப்படி வைப்பது?

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு திருகோணமலையில் கணினி வகுப்புகள் நிரம்பிவிடும். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைகளில் சிலர் துறைமுகத்தை அண்டிய கப்பல் முகவர் அலுவலகங்களிலும் சீனன்குடாப் பக்கத்துக் களஞ்சியங்களிலும் பயிலுநராகப் போய் உட்காருவார்கள். சரக்குப் பட்டியலை எக்செலில் பிழையில்லாமல் செய்துவிடுவார்கள். தாள் அச்சில் வரும்போதுதான் வில்லங்கம். கீழே கணக்கு சரியாக இருக்க, மேலே தலைப்பில் எழுத்து விழுங்கப்பட்டிருக்கும், அல்லது கேட்காத ஒன்று முளைத்திருக்கும். கூடப் படித்தவன் செய்தான், அப்பா சொன்னார் என்பதற்காக எடுத்த வழியே பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருக்கும்.

எளிய விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எக்செலின் பக்கத் தலைப்பில் & என்பது எழுத்தல்ல, கட்டளை தொடங்கும் குறி. அதை அடுத்து ஆங்கில பி வந்தால் பக்க எண், டி வந்தால் திகதி, எஃப் வந்தால் கோப்பின் பெயர். கப்பல் அலுவலகத்தில் நாளுக்கு நூறு தடவை புழங்கும் ‘சி&எஃப்’ என்பதை ஆங்கில எழுத்தில் தலைப்பில் அடித்துப் பாருங்கள்: சி மட்டும் நிற்கும், அதை ஒட்டிக் கோப்பின் பெயர் வந்து குந்தியிருக்கும். & குறியை இரண்டு தடவை அடித்தால் ஒன்று அச்சாகும். லிப்ரே ஆபிஸ் கல்க்கில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பக்க எண்ணையும் திகதியையும் பொத்தானால் செருகுகிறோம். 8°34′ போன்ற அகலாங்குக் குறியும், கன மீற்றரின் சிறிய ³ஐயும் எதிலும் தகராறு செய்வதில்லை. கலத்தில் அடித்துப் பிரதி எடுத்து ஒட்டினால் போதும்.

இனிப் பாமினி எழுத்துரு. ‘கச்சேரியில் எல்லாரும் பாமினியில்தான் அடிக்கிறார்கள், அதைப் பழகு’ என்று பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் காலத்தில் அது நியாயமான அறிவுரைதான். ஆனால் பாமினியில் நாம் பார்ப்பது தமிழ், கோப்பில் கிடப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தலைப்பு முழுக்க ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இதைப் பலரும் அறிவார்கள். அறியாதது வேறொன்று. பாமினியில் ‘ரூ’ என்ற எழுத்து & விசையில் இருக்கிறது. கணக்குத் தாள்களின் தலையில் ‘தொகை ரூபாவில்’ என்று போடுவது வழக்கம் அல்லவா? ‘ரூபா’ என்று அடிக்கும்போது விரல் தட்டுவது &, ஜி, எச். எக்செலின் கணக்கில் &உம் ஜியும் சேர்ந்தால் படம் செருகும் கட்டளை! கலத்தில் ஒழுங்காக நின்ற ரூபா தலைப்பில் காணாமல் போவது இதனால்தான். ‘ரூ’வை அடுத்து இடைவெளி விடாமல் இலக்கம் அடித்தால் இன்னும் மோசம், அதை எழுத்தின் அளவாக எடுத்துக்கொள்ளும். இங்கேயும் விசையை இருமுறை தட்டினால் சரியாகும். ஆனால் திரையில் ‘ரூ’வைப் பார்க்கும் பிள்ளைக்கு & நினைவுக்கு வருமா? எழுத்துரு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, கணினியைத் துடைத்துத் திரும்ப நிறுவச் சொன்னவர்களையும் கண்டிருக்கிறேன்.

விரல் பழக்கத்தை விட மனமில்லையென்றால் விடவும் வேண்டாம். ரெங்கநாதன் விசைப்பலகையில் பெரும்பாலான எழுத்துகள் பாமினிக்காரர் தேடும் இடத்திலேயே இருக்கின்றன, கோப்பில் சேர்வது மட்டும் யூனிகோடு. அங்கே ‘ரூ’ உண்மையான ரூ, & கலப்பு இல்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஒரே தலைப்பில் வேண்டுமானால் விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யூஐ எழுத்துருவைக் கொடுங்கள், மூன்றையும் அதுவே தாங்கும். ஒரு எச்சரிக்கை: இடம், நடு, வலம் மூன்றும் கட்டளைகளும் சேர்த்து ஒரு தலைப்பு 255 குறிகளைத் தாண்ட முடியாது. ‘திருகோணமலை’ கண்ணுக்கு 6 எழுத்து, எக்செலுக்கு 10 குறி. மும்மொழியிலும் முகவரி முழுவதையும் போட நினைத்தால் இடம் போதாமல் போகலாம்.

இப்போதைய மோஸ்தர், தலைப்பை வடிவமைப்புச் செயலியில் படமாகச் செய்து செருகுவது. நிறுவனச் சின்னத்துக்குச் சரி. மாறும் கப்பல் பெயரையும் பயண இலக்கத்தையும் படத்துக்குள் பூட்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் புதுப் படம் செய்வதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறது?

என்னைக் கேட்டால், தமிழைத் தலைப்புப் பெட்டிக்குள் கொண்டுபோகவே வேண்டாம். தாளின் முதல் இரண்டு மூன்று வரிசைகளில் தலைப்பை எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வரிசைகள் திரும்ப அச்சாகும்படி அச்சுத் தலைப்பு வசதியில் குறித்துவிடுங்கள். அங்கே & வெறும் &தான். 255 கணக்கும் இல்லை. எல்லாவற்றையும் விட, கலத்தில் சூத்திரம் போடலாம்: முதல் தாளில் கப்பலின் பெயரை மாற்றினால் எல்லாத் தாளிலும் மாறும். பக்கத் தலைப்பில் சூத்திரம் ஏறாது, அதற்கு மேக்ரோ எழுத வேண்டும். பக்க எண் மட்டும் வரிசைக்குள் வராது, அதைத் தலைப்புப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். பழைய ஆள் என்று சிரிக்கலாம், பரவாயில்லை.

தம்பிமார், தங்கச்சிமார், மேக்ரோ எழுதத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர் என்ற எண்ணத்தை விடுங்கள். சிலருக்கு நிரல் வரும். சிலருக்குப் பிழை பிடிக்கும் கண் இருக்கும். களஞ்சிய அலுவலகத்தில் அந்தக் கண்ணுக்குத்தான் மதிப்பு. உங்களுக்கு எது வாய்த்திருக்கிறது என்று அறிய ஒரு வருடமாவது அவசரப்படாமல் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். பெற்றோரும் அந்த ஒரு வருடத்தைக் கொடுக்க வேண்டும், மாதத்துக்கு ஒரு புதுப் பாடநெறியில் சேர்த்துக்கொண்டிருக்காமல். அதுவரை, அச்சு முன்தோற்றத்தில் முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் இரண்டாம் பக்கத்தையும் பாருங்கள். பிறகு கோப்பைப் பக்கத்து மேசைக் கணினியில் திறந்து, அதே தலைப்பு அங்கேயும் வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலதிகாரிக்கு அனுப்புங்கள்.