எறியுமுன் பார்க்கவேண்டிய பிளக்

மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டியில் ஒரு ஸ்பார்க் பிளக் வேலை செய்யாமற் போனால், பலத்தில் மூன்றிலொரு பங்கு அப்படியே குறைந்துவிடுகிறபடியால், நிற்கும்போது வண்டி முழுவதும் குலுங்குவதையும், மேட்டில் இழுவையின்றித் திணறுவதையும் ஓட்டுகிறவர் உடனே உணர்ந்துவிடுவார். புதிய பிளக்குகளை வாங்கி மாட்டித் திருப்தியடைந்துவிடுவதே பெரும்பாலோரின் வழக்கம். ஆனால் கழற்றிய பிளக்கை எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்ப்பதே இதில் பிரதானமான காரியம் என்பது, பழைய கார்ப்யுரேட்டர் வண்டியோடு நெடுங்காலம் பழகியதில் எனக்கு ஏற்பட்ட திடமான அபிப்பிராயம்.

அலுமினிய ஹெட்டில் சூட்டோடு சூடாகப் பிளக்கைத் திருகினால் மரை கெட்டுப்போகுமாதலால், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். வயரை இழுக்காமல் அதன் மூடியைப் பிடித்துக் கழற்றி, பிளக்கைச் சுற்றித் தேங்கிய மண்ணைக் காற்றடித்து அகற்றிவிட்டால், அது சிலிண்டருக்குள் விழாது.

நுனி இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய உஷ்ணம். ஒரு சமயம் என் வண்டியில் இரண்டு பிளக்குகள் பழுப்பாக இருக்க, நடுச் சிலிண்டரிலிருந்தது மட்டும் எண்ணெய் ஈரத்துடன் கறுத்து வந்தது. அதைச் சுத்தம் செய்து, பக்கத்துச் சிலிண்டருடையதோடு இடம் மாற்றிப் போட்டுச் சில நாள் ஓட்டிய பின் மறுபடி கழற்றினால், இடம் மாறிய பிளக் உலர்ந்திருந்தது. நடுவில் போட்ட நல்ல பிளக்தான் இப்போது நனைந்திருந்தது. ஆகவே குற்றம் பிளக்கினுடையதல்ல, வால்வ் சீல் தேய்ந்து ஆயில் இறங்குகிறது என்பது, எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே ஊகிக்கக்கூடியதாயிற்று.

புதியதைப் போடுகையில் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்துவிட்டு, முதலில் கையாலேயே திருக வேண்டும். வாஷர் உள்ள புதிய பிளக், கையிறுக்கத்துக்குப் பின் ஸ்பேனரால் ஏறக்குறைய அரைச் சுற்றே கேட்கும்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: என்ஜிகே பிளக்கில் உஷ்ண எண் கூடக் கூட அது வெப்பத்தை விரைவில் கடத்தும் வகை, பாஷ் பிளக்கிலோ அதற்கு நேர்மாறு. ஒரு கம்பெனியின் எண்ணைச் சொல்லி மற்றொன்றினுடையதை வாங்காமல், வண்டியின் கைநூலில் குறித்துள்ள பிளக்கையே கேட்டு வாங்குங்கள்.